தொண்ணூறு கிலோமீற்றரும் ஒரு தகரமும்

செங்கலடி யோகராசா தமது நாற்பத்திரண்டாவது வயதில் ஓடத் தொடங்கினார். அவரை யாரும் துரத்தவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரைகளிலும் இதுவரை ஓடியவர்கள் எல்லோரும் தக்க காரணத்தோடுதான் ஓடியிருக்கிறார்கள். காரணமில்லாமல், கிளிப்பச்சை நிறத்தில் சப்பாத்துப் போட்டு, காலை ஐந்து மணிக்கு எழும்பி, ஓடிய இடத்துக்கே திரும்பி வந்து சேருகிற வழக்கம் எங்கள் பக்கத்துக்குப் புதிது.

காப்புறுதிக் கம்பனியில் நல்ல உத்தியோகம். கையில் ஒரு கடிகாரம். அது மணி காட்டுவதைத் தவிர மற்ற எல்லாம் செய்தது. நாடித்துடிப்பை எண்ணியது, நித்திரையை அளந்தது, கதிரையில் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் எழும்பச் சொல்லி உறுமியது. யோகராசா இரவில் சோற்றை விட்டார். சவர்க்காரக் குழம்பு மாதிரி ஒன்றைச் சின்னப் பக்கற்றில் வாங்கி உறிஞ்சினார். சந்தையில் யாராவது "எப்பிடி சுகம்?" என்று கேட்டால், "போன கிழமை ஒரு கிலோமீற்றருக்கு ஆறு நிமிசம், இந்தக் கிழமை அஞ்சு அம்பது" என்று பதில் சொன்னார். கேட்டவர்கள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அவருக்கு ஒரு அக்கா. பெயர் இராசாத்தி. இரண்டு மாரிக்கு முன்னர் வாவிக்கரையில் இருந்த அவருடைய வீட்டை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அந்தக் குடியிருப்பில் மொத்தம் இருபத்தேழு குடும்பம். கொக்கட்டிச்சோலைக்கும் பழுகாமத்துக்கும் இடையில் ஒரு மேட்டில் கிடந்த பழைய நெற்களஞ்சியத்தில் அவர்களை மூன்று நாட்களுக்கு என்று கொண்டுபோய் வைத்தார்கள். மூன்று நாள் இன்னும் முடியவில்லை. களஞ்சியத்தின் கூரைத் தகரம் கறள் பிடித்து, படுத்துக்கொண்டே நட்சத்திரம் பார்க்கும்படி ஓட்டை விழுந்திருந்தது.

யோகராசா கல்நெஞ்சர் அல்ல. வீட்டுக்கு வந்து இருக்கும்படி அக்காவைக் கூப்பிட்டார். இராசாத்தியும் ஒருநாள் வந்து பார்த்தார். மேலதிகமாக இருந்த ஒரே அறையில், நின்ற இடத்தில் நின்றபடி ஓடுகிற இயந்திரம் பூட்டியிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எவ்வளவு ஓடினாலும் நிண்ட இடத்திலயே நிக்கிற சாமானா? அது எங்களுக்கு அங்கயே இருக்கு மனே" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் களஞ்சியத்துக்கே திரும்பிப் போய்விட்டார். அன்றைக்கு யோகராசாவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் தீர வேறு வழி தெரியாமல் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடினார்.

ஆவணி மாதம் அக்காவைப் பார்க்கப் போனபோது இராசாத்தி கூரையைக் காட்டினார்.

"மாரிக்கு முன்னம் தகரம் போடாட்டி இந்த முறை குடைக்குள்ள இருந்துதான் சமைக்கணும். இருநூற்று எழுபது தகரம் வேணுமெண்டு மேசன் சொல்லித்துப் போறான்."

"அக்கா, நான் ஒண்டு யோசிச்சிருக்கன். உங்களுக்காக ஓடப் போறன்."

"எங்க?"

"வாவியச் சுத்தி. தொண்ணூறு கிலோமீற்றர்."

"தகரக்கடை காத்தான்குடியில கிடக்கு. பஸ்ஸில போனாக் கிட்ட."

"அதில்லக்கா. வெளிநாட்டில எல்லாம் அகதிகளுக்காக இப்பிடித்தான் ஓடுறாங்க. ஓடினா உலகம் பாக்கும். பாத்தாத் தரும்."

இராசாத்தி தம்பியின் சப்பாத்திலிருந்து தலைவரை ஒருதரம் பார்த்தார். "நாங்க எத்தின தரம் ஓடினம். ஆரு மனே பாத்த?"

"அது வேற ஓட்டம் அக்கா. அதுக்கு முன்பதிவு இல்ல."

காத்தான்குடியில் தகரக்கடை வைத்திருக்கும் முகைதீன்பாவா ஹாஜியார் தாராள மனம் படைத்தவர். அவரும் வியாபாரிதான், ஆகவே விசாரித்துவிட்டே தாராளம் காட்டுவார். தொண்ணூறு கிலோமீற்றர் யார் ஓடுவார்கள் என்று விசாரித்தார். யோகராசா ஒருவர்தான் என்று தெரிந்தது. "பட்டிருப்புப் பாலம் தாண்டுற ஒவ்வொரு ஓட்டக்காரருக்கும் ஒரு தகரம் நான் தாறன். எழுதிக்கங்க தம்பி" என்றார். யோகராசா உடனே முகநூலில் அறிவித்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் "பங்குபற்றுகிறேன்" என்பதை அமத்தினார்கள். இருநூற்று எழுபதுக்கு மேல்! யோகராசா அன்று நன்றாக நித்திரை கொண்டார். கடிகாரமும் அதை உறுதிப்படுத்தியது.

இனி அனுமதி மட்டும்தான் பாக்கி. அதற்கு வாவிச் சுற்றுவட்ட ஒருங்கிணைப்புப் பணியகம் என்று ஓர் இடம் இருந்தது. எதை எதனோடு ஒருங்கிணைக்கிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. நிகழ்வுகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் நல்லரத்தினம், கடிதத்தை இரண்டு தரம் படித்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"ஓட்டம் எண்டு எங்களிட்டப் படிவம் இல்லையே தம்பி. ஊர்வலம் இருக்கு, பாதயாத்திரை இருக்கு, மாட்டுவண்டிச் சவாரி இருக்கு. மாடு இருக்கா?"

"இல்ல ஐயா. நானேதான் ஓடுறன்."

"என்னத்துக்கு?"

"காசும் பொருளும் சேக்க."

"காசோட ஓடினவங்களப் பாத்திருக்கன். காசுக்காக ஓடுறவர இப்பதான் பாக்கிறன்." நல்லரத்தினம் சிவப்புப் பேனையைத் திறந்தார். "அடுத்தது, இதென்ன சொல்? 'அகதிகளுக்காக'?"

"ஓம் ஐயா. களஞ்சியத்தில இருக்கிற சனம்."

"எங்கட எல்லைக்குள்ள அகதி எண்டு ஆரும் இல்லை. எல்லாரையும் முடிச்சிட்டம் எண்டு மேலிடத்துக்குக் கடிதம் போய்ப் பதினாலு வருசம்."

"இவங்க ரெண்டு வருசத்துக்கு முந்தித்தானே ஐயா வெள்ளத்தில..."

"அப்ப இன்னும் பிழை. முடிச்சதுக்குப் பிறகு வந்திருக்கிறாங்க. அவங்க 'தற்காலிகமாகத் தங்கியிருக்கும் எதிர்காலப் பயனாளிகள்'. அதைப் போடுங்க."

"ரீசேட்டில இடம் காணாது ஐயா."

"அப்ப வெட்டிவிடுவம்" என்றார் நல்லரத்தினம், மனிதாபிமானத்தோடு. ரீசேட்டிலும், பதாகையிலும், ஒலிபெருக்கி அறிவித்தலிலும் இருந்த வாசகம் 'அகதிகளுக்காக ஓடுங்கள்' என்பது. சிவப்புப் பேனை முதற்சொல்லின் மேல் ஒரு கோடு கீறியது. மிச்சம் இருந்தது ஒரு சொல். அறிவித்தலைத் தாமே பதிவு செய்து தருவதாகவும் அவர் சொன்னார். அவருக்கு வெண்கலக் குரல். படிவப் பிரச்சினையையும் தீர்த்து வைத்தார். அலுமாரியின் அடித்தட்டிலிருந்து தூசி தட்டி ஒரு தடித்த கொப்பியை எடுத்தார். அட்டையில் 'அனர்த்த காலத் துரித நகர்வுப் பதிவேடு' என்று இருந்தது. பெயர், குடும்ப இலக்கம், புறப்பட்ட இடம், கொண்டுவந்த பொருள், ஓடியதற்கான காரணம் என்று ஐந்து கட்டங்கள்.

"ஓடினது எண்ட சொல் இருக்கிற ஒரே கொப்பி இதுதான். பாலத்தடியில மேசை போட்டு இதில பதியிறம். ஒரு சம்பிரதாயம்தான்."

ஓட்ட நாளன்று விடியற்காலை ஐந்துக்குத் தொடங்க வேண்டிய நிகழ்வு, பிரதம அதிதி வந்து மங்கள விளக்கேற்றி, ஓட்டத்தின் வரலாற்றைச் சிந்துவெளியிலிருந்து பேசி முடிக்க ஏழரை ஆயிற்று. முகநூலில் அமத்திய முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் பச்சைச் சப்பாத்தோடு படம் எடுத்தார்கள். ஒரு கிலோமீற்றர் வரை உற்சாகமாக ஓடினார்கள். அங்கே ஒரு தேத்தண்ணிக்கடை இருந்தது. அதைத் தாண்டி ஓடியவர் யோகராசா மட்டும்.

அவருக்குப் பின்னால் ஏறாவூர் றுமைஸின் ஓட்டோ வந்தது. உள்ளே தண்ணீர்ப் போத்தல்கள், மேலே ஒலிபெருக்கி. ஒவ்வொரு கிலோமீற்றராகக் குறையக் குறைய, யோகராசாவின் மனத்தில் தகரங்களும் குறைந்துகொண்டு வந்தன. ஒரு ஆள், ஒரு தகரம். அதை அக்காவிடம் எந்த முகத்தோடு கொண்டுபோய்க் கொடுப்பது? வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இறங்கி, கொக்கட்டிச்சோலை தாண்டி, களஞ்சியத்து மேட்டடிக்கு வந்தபோது இராசாத்தி வீதியோரம் செம்போடு நின்றார்.

"மத்தவங்க எங்க மனே?"

"வருவாங்க அக்கா" என்று யோகராசா பொய் சொன்னார். தண்ணீரை வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டு, அவர் முகத்தைப் பாராமல் ஓடினார்.

அடுத்த ஊரில்தான் காரியம் நடந்தது.

வயல்வட்டையில் வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பும் நேரம். சனம் வீதியில் நின்றது. அப்போது தூரத்தில் ஒரு வெண்கலக் குரல் கேட்டது. "பொதுமக்களுக்கான அவசர அறிவித்தல்! ஓடுங்கள்! அனைவரும் ஓடுங்கள்! தாமதிக்க வேண்டாம்!" குரலுக்கு முன்னால் ஒரு மனிதன் தலையெல்லாம் ஈரமாக, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடி வந்தான். நெஞ்சிலும் முதுகிலும் 'ஓடுங்கள்' என்று எழுதியிருந்தது.

வாசல் கூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் விளக்குமாற்றோடு மறித்தார். "என்ன தம்பி? என்ன நடந்த?"

"அகதி... அகதி..." என்றார் யோகராசா. 'களுக்காக' என்பது மூச்சில் அமுங்கிப் போயிற்று.

அந்தக் கரையில் 'அகதி' என்ற சொல்லையும் 'ஓடு' என்ற சொல்லையும் சேர்த்துக் கேட்டவர்கள், மிச்சத்தைக் கேட்க நிற்பதில்லை. நின்று கேட்டவர்கள் இப்போது இல்லை. வீட்டுக்கு வீடு கதவோர ஆணியில் ஒரு பொலித்தீன் பை தொங்கும். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், காணி உறுதி எல்லாம் அதற்குள். பெண் விளக்குமாற்றைப் போட்டார். பையை எடுத்தார். மாட்டை அவிழ்த்துவிட்டார். அடுப்பை அணைத்தார். இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள். அடுத்த நிமிடம் அந்த வீதியில் நாற்பது பை ஓடின.

யோகராசா திரும்பிப் பார்த்தார். கண்ணை நம்பமுடியவில்லை. பிள்ளை இடுப்பில் வைத்த பெண்கள், சாரனை மடித்துக் கட்டிய ஆண்கள், தலையில் அரிசிச் சாக்கோடு ஒருவர். ஐயோ, எங்கட சனத்துக்கு எவ்வளவு இரக்கம்! அவருக்கு அழுகை வந்தது. கையை ஆட்டி, "வாங்க, வாங்க! கெதியா வாங்க!" என்று கத்தினார். சனம் இன்னும் கெதியாக வந்தது.

வல்லிபுரம் என்ற பெரியவர் மனைவியைப் பின்னால் ஏற்றிச் சைக்கிளை மிதித்தபடி பக்கத்தில் வந்தார். "தம்பி, எவ்வளவு தூரத்தில நிக்குது?"

யோகராசா கடிகாரத்தைப் பார்த்தார். "நாப்பத்தொரு கிலோமீற்றர்!"

"என்ன தம்பி சாமான்? சூடா, தண்ணியா?"

வல்லிபுரம் கேட்டது துவக்குச் சூட்டையும் வெள்ளத்தையும். குடிக்கத் தண்ணீர் கேட்கிறார் என்று யோகராசா நினைத்தார். "தண்ணி பின்னால வருது ஐயா!" என்று றுமைஸின் ஓட்டோவைக் காட்டினார்.

"குளம் உடைச்சிட்டு!" என்று வல்லிபுரம் போட்ட சத்தம் பழுகாமம் வரை கேட்டது. பழுகாமமும் பையை எடுத்தது. சனம் போட்ட சத்தத்தில் பயந்துபோன றுமைஸ், "யா அல்லாஹ், பின்னால தண்ணி வருதாமே!" என்று ஒலிபெருக்கியை நிறுத்தவும் மறந்து, யோகராசாவையே முந்திக்கொண்டு பாலத்தை நோக்கி ஓட்டோவை விட்டார்.

பட்டிருப்புப் பாலத்தடியில் மேசை, கதிரை, நூறு பதக்கம், இருபது சீப்புக் கதலி வாழைப்பழத்தோடு நல்லரத்தினம் காத்திருந்தார். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பேர் பாலத்தைத் தாண்டினார்கள். கொப்பியைக் கண்டதும் யாரும் சொல்லாமலே குடும்பம் குடும்பமாக வரிசையில் நின்றார்கள். அந்தக் கொப்பி அவர்களுக்குப் பழக்கம். நல்லரத்தினம் 'குடும்ப இலக்கம்' கட்டத்தை விட்டுவிட்டு எழுதியபோது, "ஐயா, அது ரெண்டாவது கட்டம், விடப்படாது" என்று ஒரு பெண் திருத்தினார். காரணம் என்ற கட்டத்துக்கு எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்: பயம்.

பதக்கம் கழுத்தில் விழுந்ததும்தான் வல்லிபுரத்துக்குச் சந்தேகம் வந்தது. "இதென்ன? பாய் தாறல்லயா? அரிசி?"

உண்மை வெளியானது. குளம் உடையவில்லை. ஒன்றுமே வரவில்லை. இது விளையாட்டு. யோகராசா அடி விழும் என்று எதிர்பார்த்து நின்றார். அடித்திருந்தாலும் பரவாயில்லை. விளக்குமாற்றுக்காரப் பெண் கழுத்திலிருந்த பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில மூண்டு நாள் காட்டுக்குள்ளால ஓடின. சுனாமிக்கு ஓடின. ஒருத்தரும் மெடல் தரல்ல" என்றார். பிறகு வாழைப்பழத்தை உரித்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, மாட்டைத் தேடித் திரும்பி நடந்தார். யோகராசா பாலத்துச் சுவரில் குந்தியிருந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். கடிகாரம் அவர் நாடித்துடிப்பைப் பாராட்டியது. மிச்ச தூரத்தை அவர் ஓடவில்லை, றுமைஸின் ஓட்டோவில் வீடு போனார்.

ஆனாலும் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு தகரம்! களஞ்சியத்துக்கு நாலு தரம் கூரை போடலாம். முகைதீன்பாவா ஹாஜியார் செய்தி கேட்டு ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "வாக்கு வாக்குத்தான். அவங்கெல்லாம் ஓட்டக்காரர்தான் எண்டு பணியகம் ஒரு கடிதம் தரட்டும். நான் லொறியில ஏத்தி அனுப்புறன்."

பணியகம் கடிதம் தந்தது. எழுத மூன்று கிழமை எடுத்தது. அதன் சாரம் இதுதான். பாலம் தாண்டியவர்கள் ஓடியதற்கான காரணம் 'பயம்' எனப் பதியப்பட்டுள்ளது. பயத்தினால் ஓடுபவர் ஓட்டக்காரர் ஆகார், இடம்பெயர்ந்தவர் ஆவார். எமது எல்லைக்குள் இடம்பெயர்ந்தவர் எவரும் இல்லை. ஆகவே மேற்படி நபர்கள் 'காரணமற்ற துரித பாதசாரிகள்' எனக் கருதப்படுவர். எனினும் பணியகத்தின் ஆண்டறிக்கைக்காக மட்டும் அவர்கள் பங்குபற்றுநர்களாகக் கொள்ளப்படுவர். நன்கொடைக்குத் தகுதியுடைய ஓட்டக்காரர்: ஒருவர்.

ஹாஜியார் ஒரு தகரம் அனுப்பினார். நல்ல தகரம், தடித்தது. அதைக் களஞ்சியத்தின் வடக்கு மூலையில் அடித்தார்கள். மீந்துபோன பதாகைகளையும் யாரும் வாங்காமல் விட்டுப்போன பதக்கங்களையும் வைக்கப் பணியகத்தில் இடமில்லாததால், அவற்றையும் கொண்டுவந்து களஞ்சியத்தில் இறக்கினார்கள். இராசாத்தி பதாகைகளை விரித்துப் பார்த்தார். பிரதம அதிதியும் நல்லரத்தினமும் ஆளுயரத்துக்குச் சிரித்தார்கள். சரக்கு நல்ல தடிப்பு. இருபத்தேழு குடும்பமும் சேர்ந்து அவற்றைக் கூரையில் ஏற்றிக் கட்டினார்கள். மாரி தொடங்கியபோது, பிரதம அதிதியின் நெற்றி வழியாக மட்டும் கொஞ்சம் ஒழுகியது.

மார்கழியில் ஒருநாள் பகல் குளம் உண்மையிலேயே உடைந்தது.

பணியகம் உடனே விழித்துக்கொண்டது. றுமைஸின் ஓட்டோ படுவான்கரைக்கு விரைந்தது. பணியகத்திடம் இருந்த ஒலிப்பதிவு ஒன்றே ஒன்றுதான். "பொதுமக்களுக்கான அவசர அறிவித்தல்! ஓடுங்கள்! அனைவரும் ஓடுங்கள்!"

வல்லிபுரத்தின் ஊரிலும் பழுகாமத்திலும் சனம் வாசலில் இருந்தபடி கையசைத்தது. "இந்த முறையும் கதலிதானா தம்பி?" என்று ஒருவர் கேட்டார்.

"அண்ணன், மெய்யாச் செல்றன், தண்ணி பின்னால வருது!" என்று றுமைஸ் கதறினார்.

"ஓம் ஓம். போன முறையும் வந்ததுதான்." வல்லிபுரம் வெற்றிலையை மடித்தார். தண்ணீர் அவருடைய முழங்காலுக்கு வந்தபோதுதான் எழும்பினார். பிறகு உழவு இயந்திரங்களில் ஏறி, எல்லோரும் அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். உயிருக்குச் சேதமில்லை. மானத்துக்குச் சேதம் உண்டு. ஆனால் அதற்குப் படிவம் இல்லை.

களஞ்சிய வாசலில் இராசாத்தி ஒரு பழைய கொப்பியோடு இருந்தார். இரண்டு வருடமாக அரிசி வந்தாலும் டொக்டர் வந்தாலும் பெயர் எழுதுவது அவர்தான். வருகிறவர்களை ஒவ்வொருவராக எழுதி உள்ளே விட்டார். பின்னேரம் மூன்று மணிக்கு, நனைந்த சேட்டோடு, கையில் ஒரு பொலித்தீன் பையோடு நல்லரத்தினம் வந்தார். அவருடைய குவாட்டர்ஸ் கழுத்தளவு தண்ணீரில் நின்றது.

"பெயர் தெரியும் ஐயா. காரணம்?"

"தண்ணிதான் புள்ள. வீடு போயிட்டு." குரலில் வெண்கலம் இல்லை. குனிந்து, மெல்லச் சொன்னார்: "அகதி எண்டு போடுங்க."

"அப்பிடி ஒரு ஆக்கள் இந்த எல்லைக்குள்ள இல்லையே ஐயா. முடிச்சாச்செண்டு நீங்கதானே கடிதம் அனுப்பின." இராசாத்தி கொஞ்சம் யோசித்தார். "பங்குபற்றுநர் எண்டு போடட்டா?" பெட்டியிலிருந்து ஒரு பதக்கத்தை எடுத்து அவர் கழுத்தில் போட்டார். "உங்கட படத்துக்குக் கீழயே இடமிருக்கு. ஒழுகாது, போய் இருங்க."

அன்றைக்கும் யோகராசா ஓடிக்கொண்டுதான் இருந்தார். மழையில் ஓடுவது மனவுறுதியை வளர்க்கும் என்று கடிகாரம் சொல்லியிருந்தது. கொக்கட்டிச்சோலை வரை வந்து திரும்பியபோது வந்த வீதியைக் காணவில்லை. எதிர்ப்பக்கத்தில் களஞ்சியத்து மேடு தெரிந்தது. தண்ணீர் துரத்த, வாழ்க்கையில் முதல்தடவையாகத் தக்க காரணத்தோடு ஓடினார். கிலோமீற்றருக்கு நாலு நிமிடம் முப்பது செக்கன். வாசலில் வந்து விழுந்தபோது கடிகாரம் கூவி, இதுவே அவருடைய ஆகச்சிறந்த ஓட்டம் என்று வாழ்த்துத் தெரிவித்தது.

இராசாத்தி பேனையை எடுத்தார். தம்பி என்பதற்காகக் கட்டத்தை விடமுடியாது.

"காரணம் சொல்லு மனே. அகதிகளுக்காக ஓடினயா, அகதியா ஓடினயா?"

யோகராசா வாயைத் திறந்தார். மூச்சு வாங்கியது.

"அகதி..." என்றார். மிச்சம் வரவில்லை.

இராசாத்தி காத்திருந்து பார்த்தார். பிறகு அதையே எழுதினார்.

"வடக்கு மூலையில உன்ட தகரம் இருக்கு. அதுக்குக் கீழ போய் இரு" என்றார். "சப்பாத்தக் கழட்டித்துப் போ. சனம் படுக்கிற இடம்."